இல்லாத அம்மாவின் நோய்

கொல்லிமலையில், ஆலத்தூர் நாடு என்ற பகுதியில், ஒரு காப்பித் தோட்டத்து நாற்றங்காலைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்குக் கிடைத்தபோது மலைக்கு ரோடு வந்திருக்கவில்லை. தங்குவதற்குத் தகரம் வேய்ந்த ஓர் அறை. வேலையாட்கள் பொழுது சாயுமுன் தங்கள் ஊர்களுக்குப் போய்விடுவார்கள். பிறகு பேச ஆள் கிடையாது. அது எனக்கு வசதியாகவும் இருந்தது. எனக்குச் சர்க்கரை வியாதி. தினமும் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு, ஊசியைக் கொதிக்கவைத்து, தொடையில் நானே மருந்தைப் போட்டுக்கொள்வேன். மருந்துப் புட்டி சூடேறாமலிருக்க ஈரமணல் சட்டியில் புதைந்திருக்கும்.

மருந்து வாங்க மாதம் ஒருமுறை பேளுக்குறிச்சிக்கு நடந்து இறங்கி, பஸ் ஏறிச் சேலம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நோயைச் சொன்னதால்தான் முந்தைய வேலை போயிற்று. அதனால் முதலாளியிடம், "சேலத்துல அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லீங்க" என்றேன். அம்மா இறந்து பல வருஷம் ஆகியிருந்தது.

முதலாளி அடிவாரத்துக்காரர். வாரம் ஒருமுறை மலையேறி வருவார். வந்ததும், நாற்றைக்கூடப் பார்க்காமல், "அம்மாவுக்கு எப்படி இருக்குது?" என்பார்.

"பரவால்லீங்க. கஞ்சி குடிக்கறாங்க."

அவர் மனைவி அம்மாவுக்கென்று பழம் கொடுத்தனுப்புவார். அதை ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரிடமாவது கொடுத்துவிடுவேன்.

இரண்டாம் வருஷம், காப்பி பூத்திருந்த ஒரு மத்தியானம், "வர்ற வாரம் சேலத்துல எனக்குச் சோலி இருக்குது. அம்மாவப் பாத்துட்டு வாரேன். ஊட்டுக்கு வழி சொல்லு" என்றார்.

"அம்மா இல்லீங்க. நான் சின்னவனா இருக்கறப்பவே தவறிட்டாங்க. நோவு எனக்குத்தானுங்க. சக்கர வியாதி."

அவர் பக்கத்திலிருந்த கல்லில் உட்கார்ந்தார்.

"சொன்னா வேலையுட்டு அனுப்பிருவேன்னு நெனச்சயா?"

"ஆமாங்க."

"அனுப்பித்தான் இருப்பேன்" என்றார். பிறகு, "எம்பட ஊட்டுக்காரி வெள்ளிக்கிழமையானா உங்கம்மாவுக்குன்னு வெளக்குப் போடறா. அவகிட்ட நான் என்னத்தச் சொல்றது?" என்றபடி எழுந்து போய்விட்டார்.

அடுத்த வாரம் வந்தவர் நேரே நாற்றங்காலுக்குப் போனார். "மருந்து தீந்தாப் போயிட்டு வா. என்னக் கேக்க வேண்டியதில்ல" என்றார். வேலை நிலைத்தது. ஆனால் அம்மாவைப் பற்றிய அந்தக் கேள்வி நின்றுவிட்டது. அவர் அதைக் கேட்டுவந்தவரை சேலத்தில் எனக்கு ஒரு தாய் படுத்திருந்தாள். அதன்பிறகும் எத்தனையோ வாரம் அவர் வரும் நேரத்தில் பதிலோடு நின்றிருக்கிறேன்.

அந்த ஐப்பசியில் ஒருநாள் நாற்றுக்கு நடுவே கண் இருட்டிச் சாய்ந்தேன். நினைவு தெளியும்போது முதலாளி என் தலையை மடியில் தாங்கி, வெல்லம் கரைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் விட்டுக்கொண்டிருந்தார். ஊசி போடுகிறவனுக்குச் சர்க்கரை இறங்கிப்போனால் அப்படிச் செய்ய வேண்டும் என்று நான் அவரிடம் சொன்னதே இல்லை. எந்த டாக்டரிடம் போய்க் கேட்டாரோ!

"எந்திரிக்காத சாமி" என்றார். தூறல் விழுந்துகொண்டிருந்தது.