பாடத்துக்கு அம்மா கொடுத்த குரல்

அல்சூரில் எங்கள் சந்துக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் காவேரித் தண்ணீர் வரும். எத்தனை மணிக்கு என்பது வால்வு திறக்கும் வாட்டர்மேனுக்கு மட்டும் தெரியும். அவர் அம்மாவிடம் சொல்வார். அம்மா அதை வாட்ஸப்பில் சந்துக் குழுவுக்குப் பேசி அனுப்புவாள். எழுதப் படிக்கத் தெரியாததால் எப்போதும் குரல்தான்; யாருக்கு அனுப்புவது என்பதையும் போனில் போட்டோ பார்த்துத்தான் கண்டுபிடிப்பாள். அந்தக் குரல் கேட்டால் போதும், வீட்டுக்கு வீடு குடம் நகரும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். தொம்மலூரில், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு டேப்லெட் பாடம் தயாரிக்கும் சின்ன அலுவலகத்தில் வேலை. போனில் வரும் செய்தி உண்மையா பொய்யா என்று பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்கிற பாடம் ஒன்றை என்னிடம் கொடுத்திருந்தார்கள். திரையில் ஒரு படமோ வீடியோவோ குரலோ வரும். கீழே மூன்று பட்டன்கள்: ‘நம்பு’, ‘அனுப்பு’, ‘விசாரி’. எதை அழுத்துகிறார்களோ அதன்படி கதை போகும். எல்லாம் தயார், ஒரு பொய்ச் செய்திக் குரல் மட்டும் அமையவில்லை. அலுவலகத்தில் யார் பேசினாலும் ரயில் அறிவிப்பு மாதிரி இருந்தது. மறுநாள் மூன்று மணிக்கு அலுவலகப் பெரியவர்கள் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும்.

ஓட்டிக் காட்ட வேண்டிய நாள் காலையில் ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டே அம்மாவிடம் கேட்டேன்.

“இன்னா பேசணும், சொல்லு.”

“பெரிய பைப்பு ஒடைஞ்சிபோச்சு, மூணு நாளைக்குத் தண்ணி வராதுன்னு பேசி எனக்கு அனுப்பும்மா. சும்மா, பாடத்துக்கு.”

“படிச்ச புள்ள, பொய் பேச மட்டும் நான் வோணுமா?” சிரித்தாள். போனை வாயருகே வைத்து ஒரே மூச்சில் பேசினாள். எனக்கு வரவில்லை. நெட் சரியில்லை போலிருக்கிறது, இன்னொரு தடவை பேசு என்றேன். “இரு, உன் போட்டோ எங்க கீது... ஆங்” என்று தேடி மறுபடி பேசினாள். வந்தது. அச்சு அசல் நிஜச் செய்தி மாதிரியே இருந்தது.

பகல் பன்னிரண்டு மணிக்கு அம்மா கூப்பிட்டாள்.

“நைனா, சந்துல எல்லாரும் போர்வெல் குழாயாண்ட டிரம்மு ரொப்பிக்கினு கீறாங்கோடா. மூணு நாளைக்குத் தண்ணி வராதாம். எனக்கே தெரியல! யாரு சொன்னதுன்னு கேட்டா, நீதானே சொன்னன்றாங்கோ. நான் உனக்கு மட்டும்தானேடா பேசி அனுப்புனேன்?”

இரண்டாம் தடவைதான் அவள் என் போட்டோவைத் தேடினாள். முதல் தடவை தேடவே இல்லை. வழக்கமாகத் தொடுகிற சந்துக் குழுவைத்தான் விரல் தொட்டிருக்கிறது. அது பொய் என்று உடனே பேசி அனுப்பச் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன். சிக்னலில் நின்ற ஒவ்வொரு நிமிடமும், இனி அவள் பேச்சை யார் கேட்பார்கள் என்பதே மண்டைக்குள் ஓடியது. அந்தச் சந்தில் அவளுக்கு இருந்த ஒரே மரியாதை அதுதான்.

அம்மா மாற்றிப் பேசி அனுப்பியும், நான் போய்ச் சேர்ந்தபோது குழாயடி வரிசை குறையவே இல்லை. பொம்மசந்திரா கம்பெனியில் வேலை பார்க்கும் எதிர்வீட்டுப் பெண் ஷிப்டை விட்டு வந்து, இரண்டு டிரம்களோடு நின்றிருந்தாள்.

“யாரோ உன்னை மெரட்டி மாத்திப் பேச வெச்சிகீறாங்கக்கா. மொதல்ல சொன்னதுதான் நெஜம். எங்களுக்குத் தெரியாதா?”

“நான்தான்டி சொல்றேன், அது பொய்யி!”

“பொய்னா நீ ஏன் சொன்ன?”

அம்மா என்னைப் பார்த்தாள். பாடத்துக்காக என்று நான்தான் பேச வைத்தேன் என்றேன்.

“எந்த இஸ்கூல்லடா பொய்ப் பாடம் நடத்துறாங்க?” யாரோ சிரித்தார்கள். யாரும் நகரவில்லை.

வேறு வழி தெரியாமல் அம்மா போனிலிருந்தே வாட்டர்மேனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். “பைப்பா? யாருப்பா சொன்னது? நாளைக்கு ஆறு மணிக்கு விடுவேன்” என்றார். டிரம்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. யாரும் அம்மாவைத் திட்டவில்லை. வாட்டர்மேன் நம்பரை மட்டும் என்னிடம் கேட்டு அவரவர் போனில் ஏற்றிக்கொண்டார்கள்.

மூன்று மணிக்கு மூச்சிரைக்கப் போய்ப் பாடத்தை ஓட்டினேன். அந்தக் குரல்தான் எல்லாருக்கும் பிடித்தது. எனக்கு அதைக் கேட்கவே கூசியது.

அடுத்த வாரம் அம்மா சொன்னாள்: “இப்பல்லாம் நான் பேசினா, அந்தாளுக்குப் போன் போட்டுக் கேட்டுட்டுதான் கொடத்தைத் தூக்குறாங்கோ.”

பாடம் பள்ளிகளுக்குப் போகும் முன் டேப்லெட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தன் குரலைக் கேட்டுவிட்டு, “இதுக்குப் புள்ளைங்க எதை அமுக்கணும்?” என்றாள். ‘விசாரி’யைக் காட்டினேன். அழுத்தினாள். திரையில் ஒரு சிறுமி வாட்டர்மேனுக்குப் போன் செய்தாள்.

“நம்ம சந்துல பண்றாங்களே, அதேதான்.”

“உன் குரலை எடுத்துடட்டுமாம்மா? வேற யாரையாவது பேச வெக்கிறேன்.”

அந்தப் பட்டனை இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தாள். “வோணாம், இருக்கட்டும். கேட்டுக் கத்துக்கட்டும்.” டேப்லெட்டை என் மடியில் வைத்துவிட்டு எழுந்தாள். “நாளைக்கு ஆறு மணிக்குத் தண்ணி. நீயாவது நம்புவியா?”

ஐந்தே முக்காலுக்கு அலாரம் வைத்து, போனை அவளிடம் காட்டினேன்.