அண்ணனின் நான்கு ஓட்டுகள்

எங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் தலைவர் தேர்தலில் என் அண்ணன் நான்கே ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அவருக்கு விழுந்த ஓட்டுகளில் ஒன்று என்னுடையது. அன்றே, அந்த மண்டபத்திலேயே எழுந்து நின்று அந்த முடிவைக் கேள்வி கேட்டவளும் நான்தான். அதற்குப் பிறகு அவர் என் வீட்டுப் பக்கம் வரவில்லை.

மலாக்கா மாநிலத்தில் ஜாசினுக்குப் பக்கத்தில் நாங்கள் பிறந்த ரப்பர் தோட்டம் கைமாறி, தொழிலாளர் லயங்களை இடித்து, எல்லோரும் தாமான் குடியிருப்பு வீடுகளுக்குச் சிதறிய பிறகு எங்களுக்கு மிஞ்சியது ஒரு துண்டு நிலமும் ஒரு மண்டபமும்தான். அவற்றைப் பார்த்துக்கொள்ளத்தான் சங்கம். மூன்று வருடத்துக்கு ஒரு தேர்தல். தாளில் குறியிட்டு, பிஸ்கட் டின்னில் போடுவோம். எல்லோர் கண்ணெதிரிலும் டின்னை மேசைமேல் கவிழ்த்து எண்ணுவார்கள். சண்டை வரும், கத்துவார்கள், இரண்டு தடவை எண்ணுவார்கள். பிறகு சாப்பிடப் போவோம்.

அண்ணன் நின்ற வருடம் செயலாளர் சார் ஒரு கம்பெனியைக் கூட்டி வந்தார். அவர் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். அதனால் அவரை எதிர்த்து யாரும் வாய் திறப்பதில்லை. இனிமேல் தாள் கிடையாது, டேப்லெட்டில் வேட்பாளர் படத்தைத் தொட்டால் போதும், முடிவு உடனே திரையில் வரும் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

வாசலில் கையெழுத்துப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்காரும் வேலை எனக்கு. பூசை முடிந்த கையோடு தேவாலயத்திலிருந்து நேராக வந்துவிட்டேன். அடையாள அட்டையைப் பார்த்து, கையெழுத்து வாங்கி, ஒரு அட்டை கொடுப்பேன். அந்த அட்டையைக் காட்டினால்தான் டேப்லெட் பக்கம் விடுவார்கள். கழிப்பறைக்குப் போகக்கூட நான் எழுந்திருக்கவில்லை.

மாலையில் திரையில் எண்கள் வந்தன. அண்ணனுக்கு நான்கு ஓட்டு அதிகம். தோற்றவர் ஒரு லாரி டிரைவர், எங்கள் லயத்திலேயே வளர்ந்தவர். அவரே வந்து அண்ணனுக்குக் கை கொடுத்தார். நான் மட்டும் புத்தகத்தில் இருந்த கையெழுத்துகளை எண்ணிக்கொண்டிருந்தேன். மறுபடி எண்ணினேன். திரையில் இருந்த மொத்த ஓட்டு என் புத்தகத்தைவிட ஏழு கூடுதலாக இருந்தது.

எழுந்து சொன்னேன்.

"ஏழு பேரு கையெழுத்துப் போடாம உள்ள போயிருப்பாங்கம்மா," என்றார் செயலாளர் சார்.

"யாரும் போகல சார். நான் அங்கயேதான் உக்காந்திருந்தேன்."

"மெசின் தப்பு பண்ணாதும்மா. மனுசன்தான் தப்பு பண்ணுவான்."

சிலர் சிரித்தார்கள். அண்ணன் கழுத்தில் மாலையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மலாக்காவில் ஒரு எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் இருபது வருடத்துக்கு மேலாகப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். ஒவ்வொரு நாளும் ஷிப்ட் தொடங்கும்போது நாங்கள் முதலில் சோதிப்பது பொருளை அல்ல, மெசினை. நல்லது என்று தெரிந்த ஒன்றையும் கெட்டது என்று தெரிந்த ஒன்றையும் அதில் போடுவோம். கெட்டதை அது நல்லது என்று சொன்னால் லைனை நிறுத்திவிடுவோம். அப்படி நிறுத்தியதற்காக யாரும் என்னைத் திட்டியதில்லை. மெசின் தப்பு செய்யாது என்று என்னிடமா சொல்வது?

ஏமாற்றினார்கள் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. எனக்குத் தெரியவில்லை என்றுதான் சொன்னேன். இரண்டும் ஒன்றுதான் என்று ஊர் முடிவு செய்துவிட்டது.

மறுவாரம் மறு எண்ணிக்கை நடத்தினார்கள். கம்பெனி ஆள் மடிக்கணினியைத் திறந்து ஒரு பொத்தானை அழுத்தினார். அதே எண்கள் திரையில் வந்தன. மறுபடியும் கைதட்டல். உள்ளே என்ன பதிவாகியிருக்கிறது, எந்த நேரத்தில் எந்த ஓட்டு விழுந்தது என்று காட்டச் சொன்னேன். கம்பெனி ரகசியம் என்றார். எங்கள் ஓட்டு எங்களுக்கே ரகசியம்! கடைசியில் கூட்டக் குறிப்பில் எழுதியது இதுதான்: கையெழுத்துப் புத்தகத்தில் ஏழு பிழைகள் உள்ளன. அதாவது பிழை நான்.

அன்று வாசலில் அண்ணன் என்னை நிறுத்தினார்.

"உனக்கு நான் ஜெயிச்சது பிடிக்கலையா?"

"நான் உங்களுக்குத்தாண்ணே ஓட்டுப் போட்டேன்."

"அப்புறம் என்னாத்துக்கு லா இந்த வேல? எவனோ கேட்டிருந்தா பரவால்ல. கூடப் பொறந்தவளே கேட்டா ஊரு என்னா சொல்லும்?"

"நீங்க நெஜமாவே ஜெயிச்சிருந்தா அத நிரூபிக்க வழி வேணும்ல?"

அவர் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிவிட்டுப் போய்விட்டார்.

அதன்பின் நான் ஒரு மனு எழுதினேன். அடுத்த தேர்தலில் ஒவ்வொரு ஓட்டுக்கும் ஒரு தாள் துண்டு வர வேண்டும், ஓட்டுப் போட்டவர் அதைப் பார்த்துவிட்டுப் பெட்டியில் போட வேண்டும். தொடங்குவதற்கு முன் எல்லோர் முன்னிலையிலும் மெசினைச் சோதிக்க வேண்டும். நடந்த தேர்தலின் பதிவுகளைக் காட்ட வேண்டும். கூட்டுறவுச் சங்கங்களைக் கண்காணிக்கும் அரசாங்க அலுவலகத்தில் இருந்த மலாய்ப் பெண் அதிகாரி பொறுமையாகப் படித்தார். உறுப்பினர்கள் கையெழுத்தோடு வந்தால் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

விடுமுறை நாளெல்லாம் அதற்கே போனது. ஜாசின் பாசாரில் காய் வாங்க வருபவர்களை மடக்கினேன். சுங்கை ரம்பாய்க்குக் குடிபோனவர்களைத் தேடிப் போனேன். மஸ்ஜித் தானாவில் ஒரே ஒரு குடும்பம், அதற்கும் கார் ஓட்டிக்கொண்டு போனேன். சிலர் கதவையே திறக்கவில்லை. ஒருவர் திறந்து, "ஒங்க குடும்பச் சண்டைய ஏன்மா எங்க வீட்டுக்குக் கொண்டாற?" என்றார்.

முதலில் கையெழுத்துப் போட்டது எதிர்வீட்டு அக்கா. என்னோடு பால்வெட்டு லயத்தில் வளர்ந்தவள். "நான் தொட்டது ஒரு படம், டிக் விழுந்தது எதுலன்னே தெரியல. கண்ணாடி எடுத்துட்டுப் போகல. கேக்கறதுக்கும் வெக்கம்," என்றாள். அதைக் கேட்டு எனக்குத் தெம்பு வந்தது. அவளே இரண்டு தெரு சுற்றி எனக்குக் கையெழுத்து வாங்கித் தந்தாள்.

இரண்டு மாதம் கழித்து அலுவலகத்துக்குக் கடிதங்கள் வந்து சேர்ந்தன. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டோம், எங்கள் பெயரை நீக்கிவிடுங்கள் என்று. எல்லாம் ஒரே எழுத்தில் தட்டச்சு செய்தவை. எல்லாவற்றிலும் ஒரே சொல்லில் ஒரே எழுத்துப் பிழை. அதிகாரி என் பக்கம் திருப்பிக் காட்டிய கடிதக் கட்டின் உச்சியில் இருந்தது எதிர்வீட்டு அக்காவினுடையது.

நான் போய்க் கேட்டேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் திரும்பவில்லை.

"எம் மக கல்யாணத்துக்கு மண்டபம் வேணும்ல. வேற எங்க போறது நானு?"

அவளை மிரட்டினார்களா என்று கேட்டேன். யாரும் மிரட்டவில்லையாம். தேதி காலியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறோம் என்று மட்டும் சொன்னார்களாம்.

நீக்கியது போக மிச்சமிருந்த பெயர்களே போதுமானதாக இருந்தன. அதிகாரி நேர்மையான பெண். சங்கத்துக்கு உத்தரவு போனது: அடுத்த முறை தாள் துண்டு உண்டு, முன்சோதனை உண்டு. பழைய பதிவுகள் மட்டும் கிடைக்கவில்லை. ஒப்பந்தப்படி ஒரு மாதத்தில் அழித்துவிட்டோம் என்று கம்பெனி இரண்டு வரியில் எழுதியிருந்தது. நான் வீடுவீடாக அலைந்துகொண்டிருந்தபோது தேடுவதற்கு அங்கே எதுவுமே இருந்திருக்கவில்லை.

எனக்கு அன்றைக்குத்தான் அண்ணன்மேல் பரிதாபம் வந்தது. அவர் ஏமாற்றக்கூடிய ஆள் இல்லை. உண்மையிலேயே ஜெயித்திருக்கலாம். ஆனால் அதைச் சொல்ல இனிமேல் இந்த உலகத்தில் எந்தத் தாளும் இல்லை.

அடுத்த தேர்தலுக்குச் சின்ன அச்சு மெசினும் கண்ணாடிப் பெட்டியும் வந்து இறங்கின. வேட்புமனு நாளில் அண்ணன் மட்டும்தான் மனு கொடுத்தார். லாரி டிரைவர் ஜொகூருக்குப் போய்விட்டிருந்தார். மற்றவர்களுக்கு இந்த வம்பே வேண்டாமாம். போட்டியின்றித் தேர்வு. அச்சு மெசினின் பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரிக்கவில்லை.

போன மாதம் சுங்கை ரம்பாயில் ஒரு கல்யாணம். கை கழுவும் இடத்தில் அண்ணன் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. சோப்பை என் பக்கம் தள்ளிவிட்டார்.

"இந்தத் தடவ தாள் இருந்துச்சு. எண்ணிக் காட்டியிருக்கலாம்," என்றார். "எதுத்து நிக்க ஒருத்தனும் இல்லாமப் பண்ணிட்டியே."

"நானாண்ணே பண்ணேன்?"

அவர் கைக்குட்டையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். உள்ளேயிருந்து யாரோ "தலைவரே" என்று கூப்பிட்டார்கள். அவர் போனார். குழாயை மூட வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. பின்னால் காத்திருந்தவர் வந்து மூடினார்.