அப்பாவின் கட்டைவிரல்

எங்கள் வீட்டு டிவி ரிமோட் பல வருஷம் அப்பாவின் இடுப்பில்தான் இருந்தது. மாந்தோப்புக்குக் கிளம்பும்போது வேட்டி மடிப்பில் அதைச் செருகிக்கொண்டு போய்விடுவார். அவர் திரும்பி வரும்வரை அணைந்த டிவி அணைந்தபடியே கிடக்கும். நான் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணம் ஆகி, காதோரம் நரைத்த பிறகும் இதுதான் வழக்கம். கிரிக்கெட்டில் கடைசி ஓவர் ஓடும்போது செய்திக்கு மாற்றுவார். வாயைத் திறந்தால், "ஊடு யாருது?" என்று ஒரே கேள்வி. எதற்கும் யாரிடமும் 'செரி' என்று சொல்லிப் பழகாத மனுசர்.

போன ஆடியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன, பேச்சு அடியோடு நின்றது. ஒரு மாதம் கழித்து ஒரே ஒரு சொல் திரும்பி வந்தது. அது 'செரி'. பசித்தாலும் செரி, கோபம் வந்தாலும் செரி, முதுகு அரித்தாலும் செரி. இந்த நோயில் சிலருக்கு ஒரு சொல் மட்டும் மிஞ்சும் என்றார் டாக்டர். அந்தச் சொல்லா மிஞ்ச வேண்டும் என்று எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. அதை நினைத்தால் இன்றைக்குக் கூசுகிறது.

படுத்த நோயாளிகளைப் பார்க்க வாரம் ஒருமுறை வீட்டுக்கு வரும் பாலியேட்டிவ் சிஸ்டர்தான் அந்த யோசனையைச் சொன்னார். மலையாளமும் தமிழும் கலந்து பேசுவார். "ரிமோட் அச்சன் வலது கையிலேயே இருக்கட்டும். வேற ஆரும் தொடண்டா. அதுதான் மருந்து." பிசைவதற்கு ஒரு ரப்பர் பந்தும் கொடுத்தார். பந்தை அப்பா கடனே என்று பிசைந்தார். ரிமோட்டை மட்டும் விடவில்லை. முதலில் கட்டைவிரல் பொத்தானைத் தேடிப் போகவே அரை நிமிஷம் ஆகும். போய்ச் சேர்ந்தாலும் அமுங்காது. புரட்டாசி முடிவதற்குள் ஒரே அமுக்கில் சேனல் மாற ஆரம்பித்தது. முதல் முறை மாறியபோது எங்கள் எல்லோரையும் ஒரு சுற்று பார்த்தார். பழைய பார்வை. வீடு யாருடையது என்று கேட்கும் பார்வை. கட்டிலோடு கிடந்தவருக்கு அதிகாரம் என்று அந்தக் கட்டைவிரல் ஒன்றுதான் மிச்சமிருந்தது.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. எப்போதும் அப்பாதான் பொட்டு வைப்பார். டிராக்டர், மருந்தடிக்கும் ஸ்பிரேயர், மோட்டார், அரிவாள், கடைசியில் என் பைக். டிவிக்கு வைக்க விட மாட்டார், அதுவும் ஒரு ஆயுதமா என்பார். இந்த முறை சந்தனக் கிண்ணம் என் கைக்கு வந்தது. ஒன்று விடாமல் வைத்தேன். மிக்சிக்கு, பிரிட்ஜுக்கு, டிவிக்கு, அதன் கீழே இருந்த செட்டாப் பாக்சுக்கும். அப்பா கட்டிலில் இருந்து தலையை ஆட்டி "செரி, செரி" என்று சத்தம் போட்டார். வேண்டாம் என்கிறார் என்று எனக்கு நன்றாகவே புரிந்தது. அதற்காகவே பாக்சின் முகப்பில் இன்னும் கொஞ்சம் சந்தனத்தைக் குழைத்து அழுத்தி வைத்தேன்.

மறுநாள் அப்பா அமுக்கினார், சேனல் மாறவில்லை. நான் ரிமோட்டை வாங்கிக்கொண்டு டிவி பக்கத்தில் போய் நின்று அமுக்கினேன், மாறியது. "பாத்தீங்களாப்பா, வேலை செய்யுதுங்க. நீங்க அமுக்கறது பத்தலைங்க" என்றேன். அவர் மறுபடி அமுக்கினார். நெற்றி நரம்பு புடைக்க அமுக்கினார். புது செல் போட்டேன். பொத்தான் இன்னும் லேசாக அமுங்கட்டும் என்று, கடையிலிருந்து வந்த நாளாகக் கழற்றாத பிளாஸ்டிக் உறையைக் கழற்றினேன். அவர் விரலை எடுத்துப் பொத்தான் மேல் வைத்து நானும் சேர்ந்து அமுக்கினேன், அதற்கும் மாறவில்லை. ரெண்டு பேர் அமுக்கியும் மாறாதபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். அவர் விரல்தான் குறுக்கே நிற்கிறது என்று நினைத்தேன். ஒவ்வொரு முறையும் எழுந்து போய், கிட்டத்தில் நின்று அமுக்கி, அவருக்கு நிரூபித்துக் காட்டினேன்.

கம்பெனியில் என் வேலை மெயின்டனன்ஸ். மிஷின் நின்றால் ஆள்மேல் பழி போடாதே, முதலில் மிஷினைப் பார் என்று பத்து பேருக்குப் பாடம் நடத்துகிறவன் நான்.

கை பின்னுக்குப் போய்விட்டது என்று சிஸ்டரிடம் நான்தான் சொன்னேன். அவர் முகம் வாடிப்போய் நோட்டில் எழுதிக்கொண்டார். ஒரு வாரத்தில் ரிமோட்டை நானே வைத்துக்கொண்டு, டிவிக்குக் கிட்டவே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அப்போது எனக்குக் கொஞ்சம் இனித்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அப்பா அதன்பின் கையைத் தூக்கிப் பார்க்கவே இல்லை. பந்து ஒருநாள் உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. எடுத்துக் கொடுக்க எங்களுக்கும் தோன்றவில்லை.

தை மாதம், தோப்பு முழுக்கப் பூத்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் மனைவி அப்பாவைச் சக்கர நாற்காலியில் வாசல் வெயிலுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். இடுப்பு வலி என்று நான் அவர் கட்டிலில் சாய்ந்தேன். படுத்தபடியே ரிமோட்டை அமுக்கினேன். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் பலமாக அமுக்கினேன். செல்லைக் கழற்றி உருட்டிப் போட்டேன், உள்ளங்கையில் தட்டினேன். என் கட்டைவிரலுக்கு ஒரு குறையும் இல்லை. செல்போன் கேமராவை ரிமோட்டின் முனைக்கு நேரே பிடித்து அமுக்கினேன். வெறும் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் திரையில் பளிச் பளிச்சென்று வந்தது. ரிமோட்டும் நன்றாக இருந்தது.

எழுந்து போய்ச் செட்டாப் பாக்சைப் பார்த்தேன். ரிமோட்டின் வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும் அந்தச் சின்னக் கண்ணாடி வட்டத்தின் மேலேயே சந்தனம் காய்ந்து அப்பியிருந்தது. நடுவில் குங்குமம். என் மோதிர விரல் ரேகை அதில் தெளிவாக இருந்தது. கிட்டத்தில் நின்றால் வெளிச்சம் எப்படியோ புகுந்துவிடும். கட்டிலின் தூரத்தில் இருந்து புகாது. ஈரத்துணியால் ஒரே துடை. கட்டிலில் போய் உட்கார்ந்து மெல்லத் தொட்டேன், சேனல் மாறியது.

அப்பாவை உள்ளே கொண்டுவரச் சொன்னேன். கட்டிலில் சாய்த்து, வலது உள்ளங்கையில் ரிமோட்டை வைத்து, சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "உங்க கையில ஒரு கோளாறும் இல்லீங்கப்பா. நான் வெச்ச பொட்டுதானுங்க மறைச்சிருச்சு. இப்ப அமுக்குங்க."

அவர் ரிமோட்டைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார். மூன்று மாதம் சும்மா கிடந்த விரல்கள் உள்பக்கமாக மடங்கி விறைத்துப்போயிருந்தன. கட்டைவிரல் ஒருமுறை துடித்தது, பொத்தான்வரை போகவில்லை. மறுபடி துடிக்குமென்று காத்திருந்தேன். அவர் இடது கையால் ரிமோட்டை எடுத்து என் மடியில் வைத்தார்.

"செரி" என்றார்.

அந்த ஒரு தடவைதான் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் தேட வேண்டியிருக்கவில்லை. இப்போது ரிமோட் என்னிடம்தான் இருக்கிறது.