செலையூர் அங்கிளின் டபுள் ஆல்பம்

உலகத்திலேயே சிறந்த டபுள் ஆல்பம் எது என்ற வழக்கு, கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டில் இரண்டு வருடம் நடந்தது. ஒரு கட்சி என் சித்தப்பா. எதிர்க்கட்சி அவருடைய சிநேகிதர், செலையூரிலிருந்து சைக்கிளில் வருகிறவர். நான் அவரைச் செலையூர் அங்கிள் என்று கூப்பிடுவேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, சாப்பாடும் முடிந்ததும் இருவரும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கத்த ஆரம்பிப்பார்கள். நாட்டில் வேறு பிரச்சினையே இல்லை என்று அப்பா தலையில் அடித்துக்கொள்வார்.

டபுள் ஆல்பம் என்றால் இரண்டு இசைத்தட்டுகளாக வரும் ஒரே ராக் தொகுப்பு என்பது வரை எனக்கும் தெரியும். ஆனால் அந்தத் தட்டுகளை அவர்கள் இருவருமே சொந்தமாக வைத்திருந்ததில்லை. பட்டணத்தில் ஒரு கடையில் சொல்லி வைத்து, இரண்டு தட்டையும் ஒரே தொண்ணூறு நிமிட கேசட்டில் பதிந்து வாங்கி வருவார்கள். அங்கிளின் ஆல்பம் தொண்ணூறு நிமிடத்துக்குள் அடங்காது. அதனால் கடைசிப் பாட்டு பாதி வரியில் டக்கென்று நின்றுவிடும். அதைப் பாட்டுக்காரர்களின் துணிச்சல் என்றே அவர் நம்பினார். “எவனுக்குடா வரும் இந்த தில்லு? பாதியில நிறுத்திட்டுப் போறான் பாரு!” என்பார். சித்தப்பாவும் அந்தத் துணிச்சலைத் திட்டித்தான் வாதாடினாரே தவிர, கேசட் தீர்ந்துபோயிருக்கும் என்று இரண்டு பட்டதாரிகளுக்கும் தோன்றவில்லை.

போன வாரம் சொன்னதை இந்த வாரம் சொல்லவேயில்லை என்று சாதிப்பதில் இருவரும் சளைத்தவர்கள் அல்ல. அதனால் ஒருநாள் டூ-இன்-ஒன் ரேடியோவில் வெற்றுக் கேசட்டைப் போட்டு, வாதம் முழுவதையும் பதிவு செய்தார்கள். அடுத்த வாரம் அங்கிளுக்கு மஞ்சள்காமாலை கண்டது. பத்தே நாளில் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். எல்லோரும் உண்ட மயக்கத்தில் படுத்திருந்தார்கள். தண்ணீர் குடிக்க எழுந்த நான், சித்தப்பாவின் அறையில் செலையூர் அங்கிள் பேசுவதைக் கேட்டேன்.

கேசட் என்பது உடனே புரிந்துவிட்டது. எனக்கு ஒன்பது வயது, அவ்வளவு மக்கு அல்ல. ஆனால் சாவித் துவாரத்தில் கண்ணை வைத்தபோதுதான் மீதி தெரிந்தது. கேசட்டில் சித்தப்பா பேசிய இடங்களே இல்லை. அவற்றையெல்லாம் அவர் அழித்துவிட்டிருந்தார். அங்கே வெறும் இரைச்சல் ஓடியது. அந்த இரைச்சலுக்குள் அவர் இப்போது புதிதாகப் பேசிக்கொண்டிருந்தார்.

“உங்கம்மாவ நேத்து மார்க்கெட்ல பாத்தேன்டா. ரொம்ப எளைச்சுட்டாங்க.”

“அதெல்லாம் விடு மச்சான், இந்த ட்ரம்ஸைக் கேளு” என்றார் அங்கிள்.

சித்தப்பா சிரித்தார். அங்கிளும் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து இன்னொரு குரல் வந்தது. “அங்கிள், அம்மா டீ வேணுமான்னு கேக்கறாங்க.” அது என் குரல். நான் வெளியே வராந்தாவில், கையில் தம்ளருடன் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே செத்துப்போனவர் பக்கத்திலும் நான் இருந்தேன்.

“டீ வேணாம்மா, கெளம்பணும்” என்றார் அங்கிள் என்னிடம். பிறகு, “கடைசியா கேக்கறேன், ஒத்துக்கிறியா இல்லியா?”

“மாட்டேன்டா. செத்தாலும் ஒத்துக்க மாட்டேன்” என்றார் சித்தப்பா.

“சரி, வரேன் மச்சான். அடுத்த சண்டே பாத்துக்கலாம்.”

சொன்னபடியே அடுத்த ஞாயிறும் வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். அம்மாவிடம் சொன்னேன். “சித்தப்பா ஏதோ பாட்டு கேக்கறாரு, நீ போய்ப் படு” என்றாள். சித்தப்பா ஒத்துக்கொள்ளாத வரை அவர் வந்துகொண்டே இருப்பார், கேசட்டுக்குள் இருக்கும் என்னையும் வெளியே விடமாட்டார் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. வழக்கை யாராவது முடித்தாக வேண்டும்.

ஒரு சனிக்கிழமை, சித்தப்பா ஆபீசுக்குப் போனபிறகு அறைக்குள் நுழைந்தேன். ஞாயிறு பள்ளி வசனங்களைப் பதிந்து பழகியதால் எந்தப் பட்டன் எதற்கென்று தெரியும். கேசட்டை ஓட்டி, என் குரல் வருவதற்குச் சற்று முன்னால் நிறுத்தினேன். எங்கள் வீட்டில் விருந்தாளியை ‘போங்க’ என்று சொல்லி அனுப்பும் வழக்கமே இல்லை. ‘போயிட்டு வாங்க’ என்பதுதான் மரியாதை. தப்பித்தவறி அவரைத் திரும்ப வரச் சொல்லிவிடக் கூடாது என்று மனதுக்குள் நாலு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு பட்டனை அழுத்தினேன்.

“அங்கிள், உங்க ஆல்பம்தான் பெஸ்ட். சித்தப்பா ஒத்துக்கிட்டாரு. நீங்க போங்க.”

கேசட் ஓடி முடிந்து பட்டன் தானாக எகிறும் வரை மூச்சுவிடாமல் நின்றேன்.

மறுநாள் மதியம் அறைக்குள் பேச்சு நடந்தது. பிறகு நின்றது. வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. சித்தப்பா என்னை உள்ளே கூப்பிட்டு, எதிர் நாற்காலியில் உட்காரச் சொன்னார். இன்றைக்கு முதுகுத்தோல் உரியப்போகிறது என்று நினைத்தேன்.

“எங்கேருந்து அழிச்சே?”

“டீ கேட்டதுலேருந்து.”

“கடைசி வரைக்குமா?”

தலையாட்டினேன். அவர் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: “கடைசில அவன் என்ன சொன்னான்னு ஞாபகம் இருக்கா?”

“வரேன் மச்சான், அடுத்த சண்டே பாத்துக்கலாம்னு.”

“அப்படி இல்ல. அவன் சொன்ன மாதிரியே சொல்லு.”

அடி விழவில்லை என்ற நிம்மதியில், தொண்டையைக் கனைத்துக்கொண்டு அங்கிள் மாதிரியே இழுத்துச் சொன்னேன். ‘மச்சா’னில் கொஞ்சம் அழுத்தம் வேண்டும் என்றார். அப்படியே செய்தேன். கண்ணை மூடிக்கொண்டு, இன்னொரு தரம் என்றார். பள்ளி நாடகத்தில் நடிப்பதுபோல எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பேயை ஓட்டியது நான்தான் என்று அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். அந்தக் குரல் ‘வரேன்’ என்று சொல்ல உலகத்தில் மிச்சமிருந்த ஒரே இடத்தை அழித்துவிட்டேன் என்பது எனக்குத் தெரியாது. அடுத்த ஞாயிறு, சாப்பிட்டுக் கை கழுவியதும் சித்தப்பா ஏன் என்னை மறுபடி அந்த எதிர் நாற்காலிக்குக் கூப்பிட்டார் என்பதும் புரியவில்லை.