அப்பாவைக் கூட்டிட்டு வா

அந்தப் பள்ளியில் ஆசிரியர்கள் எங்களிடம் ஒரே ஒரு மருந்துதான் இருந்தது. வீட்டுப்பாடம் எழுதவில்லையா, அப்பாவைக் கூட்டிட்டு வா. வகுப்பில் அழுகிறாயா, அப்பாவைக் கூட்டிட்டு வா. கணவருக்கு ஓசூரில் ஃபேக்டரி வேலை கிடைத்ததால், மதுரையிலிருந்து மாறுதல் வாங்கிக்கொண்டு, உத்தனப்பள்ளி தாண்டி இருந்த அந்த அரசு உயர்நிலைப் பள்ளிக்கு வந்தவள் நான். வந்த மூன்றே மாதத்தில் எனக்கும் அது வாயில் ஒட்டிக்கொண்டது.

பத்தாம் வகுப்பு என் பொறுப்பில் இருந்தது. அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, மதிய இடைவேளையில், முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தி என் மேசையருகே வந்து நின்றாள். கணக்கில் கெட்டிக்காரி. தக்காளி பயிரிடும் குடும்பம். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள்.

“மேடம், தை மாசம் என்னை எங்க மாமனுக்குக் கட்டிக் குடுக்கறாங்க. பரிட்சை வரைக்கும் நிறுத்த முடியுங்களா?”

மாமன் என்றால் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. அவளுக்குப் பதினைந்து, அவனுக்கு முப்பதை நெருங்கியிருந்தது. அவள் பிறந்தபோதே பேசி வைத்ததாம்.

“எங்கப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மேடம். கிருஷ்ணகிரியில பெரிய ஆபீசுல சொல்லுங்க. நான் சொன்னேன்னு தெரியக்கூடாதுங்க.”

என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது, இரண்டையும் அந்தச் சின்னப்பெண்ணே சொல்லிக்கொடுத்துவிட்டாள். நான் தலையாட்டினேன். ஆனால் மனதுக்குள், அதிகாரி, போலீஸ் என்று போனால் குடும்ப மானம் போகுமே, பக்குவமாகப் பேசினால் பெற்ற தகப்பன் கேட்க மாட்டாரா என்று ஓடியது. என் வாய்ச் சாமர்த்தியத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை எனக்கு.

மறுநாளே ஆள் அனுப்பி அவள் அப்பாவை வரவழைத்தேன். நாற்காலி போட்டும் உட்காராமல், தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். சட்டம், படிப்பு, உடம்பு என்று அரை மணி நேரம் பேசினேன். எல்லாவற்றுக்கும் “ஆமாங்க டீச்சரம்மா” என்றார். யார் சொன்னது என்று அவர் கேட்கவே இல்லை. கேட்க என்ன இருந்தது? அவளையும் கூப்பிட்டுப் பக்கத்திலேயே நிறுத்தி வைத்திருந்தேனே.

போகும்போது மகளிடம் தெலுங்கில் மெதுவாக ஏதோ சொன்னார். எனக்குத் தெலுங்கு தெரியாது. தேற்றுகிறார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு நின்றேன். சாயங்காலம் புத்தகத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு வந்துவிடு, நாளையிலிருந்து பள்ளிக்கூடம் கிடையாது என்றாராம். அவள் பக்கத்தில் உட்காரும் பெண் பிறகு சொல்லித்தான் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து டி.சி. கேட்டு வந்தார். பெங்களூரில் சித்தி வீட்டில் சேர்க்கப் போகிறாராம். பத்தாவதில் பாதியில் யார் சேர்த்துக்கொள்வார்கள் என்று கத்தினேன். தலைமை ஆசிரியர் என்னைத் தனியாக அழைத்தார்.

“பெத்தவரு கேட்டா குடுத்துத்தாம்மா ஆவணும். ஊர் விவகாரம் நமக்கு எதுக்கு?”

கிளார்க் இல்லாத பள்ளி, டி.சி. எழுதுவதும் நான்தான். விலகக் காரணம்: பெற்றோர் விருப்பம். நடத்தை: நன்று. என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன்.

அதன் பிறகுதான் கிருஷ்ணகிரிக்குப் போன் செய்தேன். அதிகாரிகள் வந்து பார்த்தபோது வீடு பூட்டியிருந்தது. கர்நாடகப் பக்கம் ஒரு கோயிலில், தை பிறக்கும் முன்பே தாலி கட்டிவிட்டார்கள். மார்கழியில் அந்த ஊரில் யாரும் கல்யாணம் செய்ய மாட்டார்கள். என்னால் செய்தார்கள். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவளுக்குப் பத்து நாளாவது கூடக் கிடைத்திருக்கும்.

பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியல் முன்பே போய்விட்டதால், மார்ச்சில் அவளுக்கும் ஹால் டிக்கெட் வந்தது. புகைப்படத்தில் இரட்டைச் சடை. கிழிக்க மனம் வரவில்லை. மேசை டிராயரில் போட்டுப் பூட்டினேன்.

அடுத்த வருடம் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதே மேசையருகே வந்து, தாவணி முனையைச் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

“என்னம்மா?”

“எங்கப்பாவைக் கூப்புட மாட்டீங்கல்ல மேடம்?”

“மாட்டேன், சொல்லு.”

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். “ஒண்ணுமில்லீங்க மேடம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அங்கே இன்னும் ஆறு வருடம் வேலை பார்த்தேன். ஒரு பெண்கூட என்னிடம் வந்து எதையும் சொல்லவில்லை. மாறுதலாகிக் கிளம்பிய நாளில் தலைமை ஆசிரியர், என் வகுப்பில் ஒரு பிரச்சினைகூட வந்ததில்லை என்று எல்லோர் முன்னாலும் பாராட்டினார். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கைதட்டினார்கள்.