மலை வந்தால் மட்டும் பெண்கள் வேனிலாம்

இன்று காலை சித்தன்னவாசல் பாறையில் ஒரு பெரிய மனிதர் தலையிலிருந்து அரிசிப் பை இறங்கியது.

இறங்கியது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். தொப்பென்று விழுந்தது.

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

நான் இலுப்பூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். வயது ஐம்பத்து மூன்று. (வயதை மறைக்காமல் சொல்லும் ஒரே இடம் சபரிமலைதான்.)

போன வருஷம் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்து மதுரையில் சேர்த்திருந்தோம். ஐசியு வாசலில் நின்று வேண்டிக்கொண்டேன். ஐயப்பா, இவரை எழுப்பிக் கொடு, எங்கள் ஊரிலிருந்து உன் வாசல் வரைக்கும் நடந்தே வாரேன் என்று.

எழுப்பிக் கொடுத்துவிட்டார். நான் சொன்ன சொல் பாக்கி நிற்கிறது.

எங்கள் ஊரிலிருந்து வருஷா வருஷம் ஒரு குழு நடந்தே போகிறது. இந்த வருஷம்தான் முதல்முறையாகப் பெண்கள், என்னோடு சேர்த்து மூன்று பேர். மதுரை, தேனி, கம்பம் எல்லாம் தரை. எட்டாம் நாள் லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏற வேண்டும். அதுதான் முதல் மலை.

அந்த ஒரு நாளுக்கு மட்டும் தனியாகத் திட்டம் போட ஒரு தலைவர் கிளம்பினார். பேர் வேண்டாம். ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். (இலுப்பூர்க்காரர்கள் கமெண்டில் வந்து எந்தக் கடை என்று கேட்காதீர்கள்.)

இவர் பதினோரு தடவை சபரிமலை போனவர். பதினோரு தடவையும் ஏசி வேன். குமுளி ரோட்டில் எத்தனை வளைவு என்று கேட்டால் தெரியாது, தூங்கியிருப்பார். இந்த வருஷம்தான் நடக்கப் போகிறார், அதற்குள் தலைவர்.

நாலு நாளைக்கு முன்னால் வாட்ஸப் குரூப்பில் ஒரு பிடிஎஃப் வந்தது. பச்சை அம்பு, சிவப்பு அம்பு எல்லாம் போட்டு எட்டுப் பக்கம். வேன் இருபது நிமிஷத்தில் ஏறுகிறதாம், அதனால் நடந்தால் ஒரு மணி நேரமாம். எந்தக் கணக்கில் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

அதையாவது மன்னிக்கலாம். ஆறாம் பக்கத்தைப் பாருங்கள்.

மலையில் சுமை தெரியாமல் இருக்க எல்லாருடைய இருமுடியும் வேனில் வரும். பாதுகாப்புக்காகப் பெண்களும் வேனில் வருவார்கள். இருமுடிகளை அவர்கள் மடியில் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள்.

நான் மூன்று தடவை படித்தேன். நெய்த்தேங்காயும் வேனில், நாங்களும் வேனில். இவர்கள் கையை வீசிக்கொண்டு மலை ஏறுவார்களாம். வாக்கிங் போவதற்கு எதற்கப்பா நாற்பத்தோரு நாள் விரதம்?

அன்று சாயங்காலம் கூட்டம். இருபது பேருக்கு முன்னால் தலைவர் என்னிடம் ரொம்ப அக்கறையாகப் பேசினார்.

"அக்கா, ஒங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். மலைங்கிறது நம்ம ஊரு மாதிரி சமதரை இல்லை. மூச்சு வாங்கும்."

இருபத்தாறு வருஷமாக நான் அரிசி மூட்டையும் தண்ணீர்க் குடமும் தூக்குகிறேன். இவர் கடையில் ஆணிப் பெட்டியைக்கூட ஆள் வைத்துத்தான் எடுப்பார். எனக்கு மூச்சைப் பற்றிப் பாடம்.

"தம்பி, நான் சாமிகிட்ட ஒன் வாசல் வரைக்கும் நடந்து வாரேன்னு சொன்னேன். வேன் கதவு வரைக்கும்னு சொல்லலை."

எங்கள் குருசாமி அங்கேதான் இருந்தார். தையல் கடைக்காரர், பட்டன் போன், பிடிஎஃப் எல்லாம் பார்க்கிற ஆள் இல்லை. வேனுக்கும் சாப்பாட்டுக்கும் ஏற்பாடு பண்ணு என்று மட்டும்தான் தலைவரிடம் சொல்லியிருக்கிறார். ஆறாம் பக்கத்தை நானே சத்தமாக வாசித்துக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சித்தன்னவாசல் வாங்க, தலையில் ஐந்து கிலோ அரிசிப் பையோடு பாறை ஏறுவோம், ஏறுகிறவர்கள் மலைக்கு நடக்கட்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அந்த ஞாயிறுதான் இன்று.

நாங்கள் மூன்று பேரும் சும்மாடு சுற்றிப் பையை வைத்தோம், ஏறினோம். சொல்ல ஒன்றுமில்லை. சுற்றிப்பார்க்க வந்தவர்கள் எங்களோடு செல்ஃபி எடுத்தார்கள்.

ஆண்களில் பாதிப் பேர் இரண்டு கையாலும் பையைப் பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் படியோரக் கைப்பிடிக் கம்பியைப் பிடிக்கக் கை இல்லை. நாலு பேருக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. தலைவர் பாதியிலேயே நின்றார். கடையிலிருந்து போன் என்றார். போனை எடுக்கக் குனிந்தார். பை பாறையில் விழுந்து, அரிசி படிப்படியாக இறங்கியது.

நான் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிக்கவில்லை. (கொஞ்சம் சிரித்தேன்.)

குருசாமி கோபப்படவே இல்லை.

"கட்டு யாரு தலையில இருக்கோ அவுங்க நடக்கட்டும். முடியாதவுங்க கட்டை மடியில வச்சுக்கிட்டு வேன்ல வாங்க. வெறுங்கையோட யாரும் ஏறக்கூடாது."

சாயங்காலம் புது பிடிஎஃப் வந்தது. அதையும் பாவம் தலைவர்தான் டைப் பண்ணியிருக்கிறார். நடப்பவர்கள் பட்டியலில் எங்கள் மூன்று பேர் பெயரும் இருக்கிறது. அவர் பெயருக்கு நேரே 'வேன் பொறுப்பாளர்'. அதிலும் ஒரு பதவி.

என் வீட்டுக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் பெயரை ரொம்ப நேரம் பார்த்தார். அதிகம் பேசுகிற மனிதர் இல்லை.

"எனக்காக வேண்டினதுன்னு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஏறாத. ஒக்காந்து ஒக்காந்து ஏறு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுப்பைப் பார்க்கிற மாதிரி உள்ளே போய்விட்டேன்.

அப்போதுதான் தலைவர் போன் பண்ணினார். நடந்ததை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். முக்கியமாக, பேஸ்புக்கில் ஏதும் போட்டுவிட வேண்டாம் என்றார். மாலை போட்டுக்கொண்டு ஒருத்தரைப் பழித்து எழுதுவது பாவமாம்.

நியாயம்தான். மாலை போட்ட பிறகு ஒரு வார்த்தை எழுத மாட்டேன், சத்தியம்.

நாளைக் காலை ஆறு மணிக்குத்தான் மாலை போடுகிறேன்.