சவரிமுத்து, ஏலாக்குறிச்சி – தீர்ந்தது

"சவரிமுத்து எப்பம்மா செத்தாரு?"

விக்கிரமங்கலத்திலிருந்து ஒரு விவசாயி கேட்டார். அதுதான் அன்றைய முதல் போன். சவரிமுத்துவைக் கொன்றதே நான்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

கிணற்று மோட்டாரைப் போனிலேயே போட்டு நிறுத்தும் ஸ்டார்ட்டர் விற்கிற பெரம்பலூர் கம்பெனியில் எனக்கு வேலை. வாங்கிய விவசாயிகளுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்தது. ஒருவர் "மோட்டார் ஓடல" என்பார். பதில் வருவதற்குள் நாற்பது 'காலை வணக்கம்' வந்து கேள்வியை மூடிவிடும். எல்லாரையும் எங்கள் புதுத் தளத்துக்கு மாற்றும் பொறுப்பு எனக்கு வந்தது. அங்கே ஒவ்வொரு கேள்விக்கும் தனிப் பக்கம்.

மேனேஜர் பளிச்சென்று சொல்லிவிட்டார்: "இந்த மாசத்துக்குள்ள பாதிப் பேராவது வரணும். இல்லன்னா நீ பழையபடி போன் எடுக்கற சீட்டுக்குப் போயிடும்மா."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தச் சீட்டுக்குத் திரும்பும் உத்தேசம் எனக்கு இல்லை.

குரூப்பில் எல்லாரும் காத்திருப்பது ஏலாக்குறிச்சி சவரிமுத்து அண்ணனின் பதிலுக்குத்தான். அவர் வந்தால் மற்றவர்களும் வருவார்கள். அவரோ, "பதில் சொல்றதுக்குப் பாஸ்வேர்டு கேக்கறீங்க. நான் என்ன திருடனா?" என்று முறுக்கிக்கொண்டு குரூப்பிலும் பேச்சை நிறுத்திவிட்டார்.

நான் விடவில்லை. அவருடைய பழைய பதில்களை அவர் பெயரிலேயே புதுத் தளத்தில் ஏற்றினேன். பிரச்சினை சரியானவற்றுக்கு ஒரு பச்சை முத்திரை விழும். "'சால்வ்டு'ன்னே இருக்கட்டுமே" என்றார் மேனேஜர். "தமிழ் எனக்குத் தெரியும் சார்" என்று 'தீர்ந்தது' என்று மாற்றினேன். லிங்கைக் குரூப்பில் போட்டு, இனி அங்கே யாரும் எழுத முடியாதபடி பூட்டினேன்.

லிங்கின் கீழே ஒரே வரிதான் தெரிந்தது: 'சவரிமுத்து, ஏலாக்குறிச்சி – தீர்ந்தது.'

ஆள் வேறு நாலு நாளாகப் பேசவில்லை. குரூப்பில் அழ வழியில்லை. ஆகவே ஊர் ஊராகப் புதுத் தளத்தில் பதிவு செய்து அழுதார்கள். 'என் மோட்டாருக்கு உசிரு குடுத்த மனுசன்' என்றார் ஒருவர். ஆலத்தியூர்க்காரர் ஒருவர் அஞ்சலி எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே, 'என்னோட ஸ்டார்ட்டர் சூடாவுது, இனிமே யாருகிட்ட கேக்கறது?' என்று கேட்டிருந்தார்.

மதியம் சவரிமுத்து அண்ணனே கூப்பிட்டார்.

"ஏம்மா, வூட்டு வாசல்ல நாலு பேரு மாலையோட நிக்கறாங்க. நான் சோறு தின்னுக்கிட்டு இருக்கேன். என்னா சொல்லி அனுப்பறது?"

நடந்ததைச் சொன்னேன்.

"எத்தன பேரு அழுதிருக்கானுவ?"

"உள்ள வந்து பாருங்கண்ணே. பாஸ்வேர்டு மட்டும்..."

"சொல்லு, சொல்லு. எழுதிக்கறேன்."

அவருடைய முதல் பதிவு: 'நான் உசிரோடதான் இருக்கேன். ஆலத்தியூரு தம்பி, மெயினை ஆஃப் பண்ணிட்டு வயரு லூசா இருக்கான்னு பாரு.'

இரங்கல் பக்கத்தை நீக்கிவிடட்டுமா என்று கேட்டேன்.

"கெடக்கட்டும்மா. நேர்ல ஒருத்தனும் இப்படிச் சொன்னதில்ல."

அந்த வாரமே பாதிக்கு மேல் வந்துவிட்டார்கள். "எப்படிம்மா சாதிச்ச?" என்றார் மேனேஜர். "எல்லாம் பாசம் சார்" என்றேன். முத்திரையைச் சத்தமில்லாமல் 'சரியாயிடுச்சு' என்று மாற்றினேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். திரையில் ஒரு சொல்லைப் போடும் முன், அதன் பக்கத்தில் ஓர் ஆளின் பெயரை வைத்து வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். உங்கள் மேனேஜர் பெயராக இருந்தால் தப்பு சீக்கிரம் தெரியும்.